தோல்விப் பட்டியலில் ஒரு வரி

மெசா என்ற கிராஃபிக்ஸ் மென்பொருளின் மூலநிரலைத் தரவிறக்கிக் கொஞ்சம் உள்ளே உலாவினால், ஒரு விதமான கோப்புகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒவ்வொன்றும் ஒரு வன்பொருளின் பெயரைத் தாங்கியிருக்கும். ராஸ்பெரி பை 4-க்கு ஒன்று, குவால்காமின் அட்ரினோ சில்லுகளுக்குச் சில, ஏஎம்டி அட்டைகளுக்குச் சில. திறந்தால் உள்ளே நிரல் எதுவும் இருக்காது. வரிசையாகச் சோதனைகளின் பெயர்கள்; வரியின் முடிவில் ‘ஃபெயில்’ அல்லது ‘கிராஷ்’ என்ற சொல். ‘இந்த வன்பொருளில் எங்கள் டிரைவர் இந்தச் சோதனையில் இன்றைக்குத் தோற்கிறது’ என்று, அதை எழுதியவர்களே ஊரறிய எழுதி வைத்திருக்கும் பட்டியல் அது.

கிராஃபிக்ஸ் டிரைவர் வேலையில் நுழைய விரும்புகிறவர் முதலில் திறக்க வேண்டியது இந்தக் கோப்புகளைத்தான் என்பது என் கருத்து. பலர் வேறு வழியில் தொடங்குகிறார்கள். மூலநிரலை முதல் கோப்பிலிருந்து வாசிக்கப் பார்க்கிறார்கள். பல லட்சம் வரிகளைக் கண்டு மிரண்டு, இது பெரிய நிறுவனங்களின் பொறியாளர்களுக்கு மட்டுமே ஆன வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மெசாவில் பதினைந்து ஆண்டுகளாக உழைப்பவர்கூட அதன் எல்லா மூலைகளையும் அறிந்தவரல்லர். அறியத் தேவையும் இல்லை. ஒரு சோதனை ஏன் தோற்கிறது என்ற ஒரே கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறவருக்கு, அந்தப் பல லட்சம் வரிகளில் வாசிக்க வேண்டிய சில நூறு வரிகள் எவை என்பது தானாகத் தெரியவரும்.

டிரைவர் செய்யும் வேலை என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1920-க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும் விளையாட்டு ஒன்று, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முறை நிறத்தைக் கணக்கிட்டாலே நொடிக்குப் பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் ஆகின்றன. இந்தக் கணக்கைச் செய்யும் சிறு நிரலுக்கு ஷேடர் என்று பெயர். அதை எழுதுகிற விளையாட்டுக்காரருக்குக் கணினியில் இருப்பது இன்டெல் சில்லா, ஏஎம்டி அட்டையா என்று தெரியாது. அவர் ஓப்பன்ஜிஎல் அல்லது வல்கன் என்ற பொது மொழியில் தன் தேவையைச் சொல்கிறார். சில்லுக்கோ தன் சொந்த இயந்திர மொழியைத் தவிர வேறெதுவும் புரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசும் துபாஷிதான் டிரைவர். புள்ளிகளை அது வரைவதில்லை. ஷேடரை இயந்திர மொழிக்கு மாற்றுகிறது; ‘இந்த முக்கோணங்களை எடு, இந்த நிரலை ஓட்டு, விடையை இங்கே எழுது’ என்ற கட்டளைகளைச் சில்லு எதிர்பார்க்கும் வடிவத்தில் நினைவகத்தில் அடுக்குகிறது; அடுக்கியதை இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் ஒப்படைக்கிறது.

ஆக, டிரைவருக்கு இரண்டு பாதிகள். கெர்னலுக்குள் இருக்கும் பாதி ஒப்பீட்டளவில் சிறியது. நினைவகத்தைப் பங்கிடுவது, கட்டளைகளை வரிசையில் நிறுத்துவது, சில்லு உறைந்துபோனால் மீட்டெடுப்பது, மானிட்டருக்குப் படத்தை அனுப்புவது ஆகியவை அதன் பொறுப்பு. மொழிபெயர்ப்பு முழுவதும் மற்றப் பாதியில் நடக்கிறது. அந்தப் பாதி, நீங்கள் எழுதும் எந்தச் சாதாரண நிரலையும் போலப் பயனர் வெளியில் ஓடும் ஒரு நூலகம். அதில் தவறு செய்தால் பெரும்பாலும் அந்த நிரல் மட்டும் விழும், கணினி விழாது. டீபக்கரை மாட்டலாம், ஓர் அச்சு வரியைச் செருகிப் பார்க்கலாம், மறுபடி ஓட்டலாம். லினக்ஸில் இந்தப் பயனர்வெளிப் பாதி பெரும்பாலும் மெசாவில் இருக்கிறது.

மெசாவைப் பிரையன் பால் 1993 ஆகஸ்டில் தொடங்கினார். முதல் வெளியீடு 1995-இல் வந்தது. அன்றைக்கு அதற்கும் கிராஃபிக்ஸ் அட்டைகளுக்கும் தொடர்பே இல்லை. ஓப்பன்ஜிஎல் கேட்கும் எல்லாக் கணக்கையும் சிபியூவிலேயே போட்டு முடிக்கும் நூலகமாகத்தான் அது பிறந்தது. பிறகு ஒவ்வொரு சில்லாக வந்து சேர்ந்து, இன்று இன்டெல், ஏஎம்டி, பிராட்காம், குவால்காம், ஆர்ம் நிறுவனத்தின் மாலி, என்விடியா, ஆப்பிள் வரை எல்லாருடைய சில்லுகளுக்கும் அதற்குள் டிரைவர் இருக்கிறது. உரிமம் எம்ஐடி. எழுதுமொழி பெரும்பாலும் சி, கொஞ்சம் சி++, அண்மைக் காலமாக ரஸ்ட்டும்.

இரண்டு பாதிகளும் எவ்வளவு தெளிவாகப் பிரிந்தவை என்பதற்கு ஆப்பிள் எம்1 சில்லின் கதை நல்ல சான்று. அந்தச் சில்லின் ஜிபியூவுக்கு ஆப்பிள் எந்த ஆவணமும் வெளியிடவில்லை. அலிசா ரோசன்ஸ்வைக் என்ற நிரலாளர் முதலில் மேக் கணினியில் மேக்ஓஎஸ்ஸையே வைத்துக்கொண்டு, ஆப்பிளின் பயனர்வெளி டிரைவருக்கும் கெர்னலுக்கும் இடையே போகும் செய்திகளை இடைமறித்துப் பதிவு செய்தார். நிரலில் ஒரே ஒரு விஷயத்தை, ஒரு நிறத்தையோ ஒரு முனையின் இடத்தையோ மாற்றுவார், மறுபடி பதிவெடுப்பார், நினைவகத்தில் எந்தெந்த பிட்டுகள் மாறின என்று இரண்டு பதிவுகளையும் ஒப்பிடுவார். இப்படியே வடிவங்களைக் கண்டறிந்து, 2021 ஜனவரியில் தானே எழுதிய நிரலால், ஆப்பிளின் கெர்னல் மேலேயே, ஒரு முக்கோணத்தை வரைந்து காட்டினார். லினக்ஸ் கெர்னலுக்கான பாதி அதன் பிறகுதான் எழுதப்பட்டது. 2024 பிப்ரவரியில் அந்த டிரைவர் ஓப்பன்ஜிஎல் 4.6-க்கான அதிகாரபூர்வ இணக்கத் தேர்வில் தேறியது. ஆப்பிளின் சொந்த மேக்ஓஎஸ் ஓப்பன்ஜிஎல் 4.1-உடன் நின்றுவிட்டது.

மாலி சில்லுகளுக்கான பான்ஃபிராஸ்ட் டிரைவரை அதே ரோசன்ஸ்வைக் தொடங்கியபோது பள்ளி மாணவி. மெசாவின் எல்லா டிரைவர்களும் இன்று சார்ந்திருக்கும் நிர் என்ற இடைமொழியின் முதல் வடிவத்தை 2014-இல் எழுதிய கானர் அபட், இன்டெலில் கோடைக்காலப் பயிற்சிக்கு வந்தவர். இவற்றைச் சொல்வது மேதைகளைக் காட்டி உங்களை மலைக்க வைப்பதற்காக அன்று. இந்தத் துறையில் சிறு வயதும் பட்டமின்மையும் யாரையும் வாசலில் தடுத்ததில்லை என்பதற்கு மெசாவின் நிரல் வரலாறே சாட்சி.

இனிச் செய்முறை. மெசாவை மெசான் என்ற கட்டமைப்புக் கருவியால் கட்ட வேண்டும். பெயர் ஒத்திருப்பதைத் தவிர இரண்டுக்கும் வேறு உறவில்லை. கட்டும்போது எந்த டிரைவர்கள் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். எல்லாவற்றையும் கட்டினால் பழைய மடிக்கணினி திணறும், ஒன்றிரண்டை மட்டும் கேட்டால் விரைவில் முடியும். கட்டியதைக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் மெசாவின் மேல் நிறுவிவிடாதீர்கள். மெசானிலேயே ‘டெவ்என்வ்’ என்றொரு வசதி உண்டு: நீங்கள் கட்டிய டிரைவரை அந்த ஒரு முனையச் சாளரத்துக்குள் மட்டும் பயன்படுத்த அது வழிசெய்யும். சாளரத்தை மூடினால் எல்லாம் பழையபடி. இது தெரியாமல், தன் கணினியின் திரையே இருண்டுபோன பிறகு இந்த வேலையைக் கைவிட்டவர்கள் உண்டு.

தனி கிராஃபிக்ஸ் அட்டை வேண்டுமா? வேண்டாம். மெசாவுக்குள் எல்எல்விஎம்பைப் என்ற டிரைவர் இருக்கிறது. அது ஷேடர்களைச் சிபியூவுக்கான இயந்திர மொழியாக மாற்றி அங்கேயே ஓட்டும். வல்கனுக்கு அதன் உடன்பிறப்பு லாவாபைப். இவை மெதுவானவை, ஆனால் முழுமையான டிரைவர்கள். நிறுவனங்களின் சோதனைக் கூடங்களில் தினமும் ஓடுகின்றன. அவற்றுக்கும் தோல்விப் பட்டியல் உண்டு. எல்எல்விஎம்பைப்பில் ஒரு பிழையைத் திருத்த உங்களிடம் இருக்க வேண்டியது ஒரு சிபியூ மட்டுமே.

பட்டியலில் இருக்கும் சோதனைகளில் பெரும்பகுதி, ஓப்பன்ஜிஎல், வல்கன் தரங்களை வகுக்கும் க்ரோனோஸ் குழுமத்தின் இணக்கச் சோதனைத் தொகுப்பிலிருந்து வருபவை. அதன் அடித்தளம், ட்ராஎலெமென்ட்ஸ் என்ற ஃபின்லாந்து நிறுவனம் உருவாக்கிய தொகுப்பு. அந்த நிறுவனத்தைக் கூகுள் 2014-இல் வாங்கியது. சோதனையின் பெயர் ஒரு முகவரியைப் போல நீளமாக, புள்ளிகளால் பிரிக்கப்பட்டு, எந்த அம்சம், அதில் எந்த வகை, எந்த நிலை என்று படிப்படியாகக் குறுகிக்கொண்டே போகும். தடித்த கோடு ஒன்று பார்வைச் சட்டத்தின் விளிம்பில் வெட்டுப்படும்போது சரியாக வரையப்படுகிறதா என்று பார்க்கும் சோதனைகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல வன்பொருள்களின் பட்டியல்களில் இடம்பெற்றிருக்கின்றன. எளிதாகத் தோன்றும் ஒரு கோடு விளிம்பில் எவ்வளவு சிக்கலாகிறது என்பதை அந்த வரிகளே சொல்லும்.

எந்த வரியை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். சில தோல்விகள் சில்லின் இயற்கையான வரம்பால் வருபவை; எந்த நிரலாலும் தீராது. சில, அனுபவசாலிகளே முயன்று விட்டுவைத்தவை. எனவே ஒரு வரியைத் தேர்ந்தவுடன், அது எப்போது, எந்த மாற்றத்தோடு பட்டியலுக்குள் வந்தது என்று கிட்டின் வரலாற்றில் தேடுங்கள். ‘புதிய சோதனைத் தொகுப்புக்கு மாறினோம், அதில் இவை தோற்றன, இன்னும் யாரும் பார்க்கவில்லை’ என்ற தொனியில் குறிப்பு இருந்தால் அதுதான் உங்களுக்கான வரி. அந்த டிரைவரைப் பராமரிப்பவரிடம், இதைப் பார்க்கலாமா என்று இரண்டு வரியில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

அந்த ஒரு சோதனையை மட்டும் தனியாக ஓட்டுங்கள். தோற்கிறதா? அதே சோதனையை எல்எல்விஎம்பைப்பில் ஓட்டுங்கள். அங்கே தேறி உங்கள் சில்லில் மட்டும் தோற்றால், பிழை அந்தச் சில்லுக்கான பகுதியில் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் தோற்றால் பொதுப் பகுதியில் தேட வேண்டும், அல்லது சோதனையிலேயே பிழை இருக்கலாம். சோதனைகளையும் மனிதர்கள்தான் எழுதுகிறார்கள்; தர நிர்ணய ஆவணத்தை வாசித்து, சோதனை தவறு என்று காட்டித் திருத்தம் அனுப்புவதும் முழுமையான பங்களிப்புதான். அடுத்து, ஷேடரை நிர் இடைமொழியில் ஒவ்வொரு கட்டத்திலும் அச்சிடச் சொல்லும் சூழல் மாறி ஒன்று உண்டு. அதை இயக்கினால் பக்கம் பக்கமாக விரியும். முதலில் சரியாக இருந்த கணக்கு எந்தக் கட்டத்துக்குப் பிறகு பிசகுகிறது என்று தேடுங்கள். அந்தக் கட்டத்தின் நிரல்தான் நீங்கள் வாசிக்க வேண்டிய சில நூறு வரிகள்.

திருத்திவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பிய மாற்றத்தை இணைக்கும் முன் மெசாவின் தானியங்கிச் சோதனை முறை அதை உண்மையான வன்பொருள்களில் ஓட்டிப் பார்க்கும். பல நிறுவனங்கள் தங்கள் கூடங்களில் சில்லுப் பலகைகளை அடுக்கி இதற்கென்றே விட்டுவைத்திருக்கின்றன. தோற்க வேண்டிய சோதனை தேறிவிட்டால் அந்த முறை, எதிர்பாராத முன்னேற்றம் என்று அறிவித்து உங்கள் மாற்றத்தை நிறுத்திவிடும்! பட்டியலிலிருந்து அந்த வரியை நீங்களே நீக்கி மறுபடி அனுப்பினால்தான் வழிவிடும். இதனால் பட்டியல் எப்போதும் உண்மையைச் சொல்கிறது; மெசாவில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

பிழை திருத்தத்தில் ஆர்வம் குறைவு, கணிதத்தில் விருப்பம் அதிகம் என்பவருக்கு வேறொரு நல்ல இடம் இருக்கிறது. நிர் இடைமொழிக்கான இயற்கணித எளிமையாக்க விதிகள் ஒரு பைத்தான் கோப்பில் தொகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு விதியும் ஒரே வரி: இடப்பக்கம் ஒரு வடிவம், வலப்பக்கம் அதற்குப் பதிலி. முழு எண் அ-வுடன் பூச்சியத்தைக் கூட்டினால் அ. அ-வின் எதிர்க்குறியின் எதிர்க்குறி அ. ஷேடரில் இடப்பக்க வடிவம் தென்பட்டால் கம்பைலர் அதை வலப்பக்கத்தால் மாற்றிவிடும். பள்ளிக் கணிதம் தெரிந்தால் படிக்கலாம்; கம்பைலர் எப்படி இயங்குகிறது என்பதைக் கற்க இதைவிடத் தெளிவான வாசல் எனக்குத் தெரியாது.

ஆனால் பள்ளிக் கணிதம் அங்கே ஓரிடத்தில் காலை வாரிவிடும். தசம எண் அ-வுடன் 0.0-வைக் கூட்டினாலும் அ-தானே? அன்று. கணினிகள் பின்பற்றும் ஐஇஇஇ 754 தரத்தில் பூச்சியங்கள் இரண்டு: +0.0, −0.0. இரண்டும் ஒப்பிட்டால் சமம். ஆனால் 1-ஐ முதலாவதால் வகுத்தால் நேர் முடிவிலி, இரண்டாவதால் வகுத்தால் எதிர் முடிவிலி. −0.0-வுடன் +0.0-வைக் கூட்டினால் விடை +0.0 என்று தரம் சொல்கிறது. அ என்பது −0.0-ஆக இருக்கும் நேரத்தில், ‘கூட்டலை நீக்கிவிட்டு அ என்றே எழுது’ என்ற விதி விடையின் குறியை மாற்றிவிடும். அதே விதியில் +0.0-வுக்குப் பதில் −0.0-வைக் கூட்டுவதாக இருந்தால் பிரச்சினை இல்லை, எந்த அ-வுக்கும் விடை அ-தான். அ-வைப் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம் என்பதும் இங்கே செல்லாது; அ முடிவிலியாக இருந்தால் விடை எண்ணே அல்லாத ஒன்றாகிவிடும். எனவே இத்தகைய விதிகளுக்கு முன்னால் ஓர் அலைக்குறி போடுவது அந்தக் கோப்பின் வழக்கம். ‘இது கண்டிப்பான விதி இல்லை, ஷேடர் துல்லியம் கேட்ட இடத்தில் பயன்படுத்தாதே’ என்பது அதன் பொருள். ஓர் அலைக்குறி விடுபட்டால், எங்கோ ஒரு விளையாட்டில் ஒரு நிழல் தலைகீழாக விழலாம்.

புதிய விதி ஒன்றைச் சேர்த்தால் பயன் உண்டா என்று எப்படி அறிவது? ஷேடர்-டீபி என்றொரு தொகுப்பு இருக்கிறது. பல செயலிகளிலிருந்து திரட்டிய ஏராளமான ஷேடர்களைத் தொகுத்து, உங்கள் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்து, மொத்தம் எத்தனை இயந்திரக் கட்டளைகள் கூடின, குறைந்தன என்று அது கணக்குச் சொல்லும். ஒரு கட்டளை குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கக் கூடாது. அது நொடிக்குப் பன்னிரண்டு கோடி முறை குறைகிறது. ஆனால் கட்டளை எண்ணிக்கை குறைந்தாலே வேகம் கூடும் என்றும் சொல்ல முடியாது. ஜிபியூ, நினைவகத்திலிருந்து தரவு வரும்வரை சும்மா இருப்பதில்லை. அந்த நேரத்தில் வேறொரு புள்ளிக் கூட்டத்தின் கணக்கை ஓட்டும். அப்படிப் பல கூட்டங்கள் தயாராக நிற்க, பதிவகங்களை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு ஷேடர் அதிகப் பதிவகங்களைப் பிடித்தால் ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய கூட்டங்கள் குறையும், காத்திருப்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். இடைவிடையை நீண்ட நேரம் கையில் வைத்திருக்கச் செய்யும் விதி ஒன்று, கட்டளைகளைக் குறைத்துக்கொண்டே வேகத்தையும் குறைத்துவிடலாம். அதனால்தான் ஷேடர்-டீபி பதிவக எண்ணிக்கையையும் சேர்த்தே காட்டுகிறது. உங்களிடம் இல்லாத சில்லுகளுக்கும் இந்த அளவீட்டைச் செய்யலாம்: டிஆர்எம்-ஷிம் என்ற சிறு நூலகம், அந்தச் சில்லு கணினியில் இருப்பதாக டிரைவரை நம்ப வைக்கும். எதையும் வரையாது, கம்பைலர் மட்டும் முழுமையாக ஓடும்.

நிரல் எழுதும் துணிவு இன்னும் வரவில்லை என்றால்கூடச் செய்ய வேலை இருக்கிறது. முந்தைய பதிப்பில் சரியாக ஓடிய விளையாட்டு புதிய பதிப்பில் உடைந்துவிட்டதா? இரண்டு பதிப்புகளுக்கும் நடுவே 4096 மாற்றங்கள் இருந்தாலும், எந்த மாற்றம் உடைத்தது என்று கண்டுபிடிக்க 12 சோதனைகள் போதும். பாதியில் வெட்டி, எந்தப் பாதியில் பிழை இருக்கிறது என்று பார்த்து, அதை மறுபடி பாதியாக வெட்டிக்கொண்டே போகிற கிட் பைசெக்ட் இந்த வேலையை நடத்தித் தரும். ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டும், ஓட்ட வேண்டும். ஒரு விடுமுறை நாள் போய்விடும். ஆனால் ‘திரை கருப்பாக வருகிறது’ என்ற அறிக்கைக்கும், ‘இந்த மாற்றத்திலிருந்துதான் திரை கருப்பாகிறது, அதை மட்டும் நீக்கினால் சரியாகிறது’ என்ற அறிக்கைக்கும் உள்ள தூரம் பெரிது. முதலாவது மாதக்கணக்கில் கிடக்கலாம். இரண்டாவதில் டெவலப்பருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பது ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. அதோடு, விளையாட்டு டிரைவரிடம் கேட்ட எல்லாவற்றையும் பதிவு செய்து வேறு கணினியில் திரும்ப ஓட்டிக் காட்டும் ஏபிஐட்ரேஸ், ஒரே ஒரு சட்டகத்தைப் பிரித்து ஆராய உதவும் ரெண்டர்டாக் ஆகியவற்றின் கோப்பையும் இணைத்தால், அந்த விளையாட்டை வாங்காதவர்கூடப் பிழையைத் திருத்த முடியும்.

கெர்னல் பாதிக்கு வருவோம். இங்கே தவறு நடந்தால் கணினியே உறையும், ஆகையால் மெய்நிகர் கணினிக்குள் பழகுவதே முறை. அதற்கென்றே பொருந்துவது விகேஎம்எஸ். இல்லாத ஒரு மானிட்டரை இருப்பதாகப் பாவிக்கும் கெர்னல் டிரைவர் இது. வன்பொருள் எதுவும் வேண்டாம். இதுவே புதியவர்கள் எழுதிய டிரைவர் என்பதுதான் சிறப்பு. 2018-இல் அவுட்ரீச்சி, கூகுள் சம்மர் ஆஃப் கோட் ஆகிய பயிற்சித் திட்டங்களில் சேர்ந்தவர்கள் இதை உருவாக்கினார்கள். அவர்களுள் ஒருவரான பிரேசிலின் ரொட்ரீகோ சிக்கேய்ரா பின்னர் ஏஎம்டியின் டிஸ்ப்ளே டிரைவரில் பணியாற்றினார். 2020-இல் அதே விகேஎம்எஸ்ஸில் பயிற்சி பெற்ற மெலிஸ்ஸா வென் பிறகு இகாலியா நிறுவனத்தில் கிராஃபிக்ஸ் பொறியாளரானார். அவர் மூலமாகவும் அவரைப் போன்றோர் மூலமாகவும் பிரேசிலில் கெர்னல் கிராஃபிக்ஸ் அறிந்த ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கிறது. கெர்னலின் கிராஃபிக்ஸ் ஆவணத்துக்குள் ‘செய்ய வேண்டியவை’ என்றொரு பக்கமும் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என்று குறித்து, யாரிடம் கேட்கலாம் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அனுப்பும் முறைகள் இரண்டு பக்கத்திலும் வேறு. மெசாவில் ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் கிட்லேபில் மெர்ஜ் ரிக்வெஸ்ட் போட வேண்டும். கெர்னலுக்கு மின்னஞ்சலில் பேட்ச் அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்புவது என்று சொல்லவும், எழுத்து முறை சரியா என்று பார்க்கவும் கெர்னலுக்குள்ளேயே சிறு நிரல்கள் இருக்கின்றன. இரண்டிலும் பொதுவான நெறி ஒன்று: ஒரு பேட்ச்சில் ஒரே ஒரு மாற்றம். அதன் குறிப்பில் என்ன மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்பதுதான் வேண்டும். என்ன என்பது நிரலிலேயே தெரிகிறது.

ரிவியூ என்பது புதியவர்களை அதிகம் காயப்படுத்தும் கட்டம். இருபது வரி மாற்றத்துக்கு நாற்பது வரி விமர்சனம் வரும். பெயரை மாற்று, இதை இரண்டாகப் பிரி, இந்தத் தர்க்கம் அந்தப் பழைய சில்லில் உடையும் என்பார்கள். வரும் ஒவ்வொரு கேள்வியும், உங்கள் நிரலை ஒருவர் தன் நேரத்தைச் செலவழித்து வாசித்தார் என்பதற்கான அடையாளம். அதைவிடக் கடினமானது மௌனம். யாரும் பதில் சொல்லாமல் இரண்டு வாரம் போனால், பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், தவறில்லை. பராமரிப்பாளர்கள் குறைவு, அவர்கள் முன் குவிந்திருப்பது அதிகம். இதே காரணத்தால், தனக்கே புரியாத நிரலை எங்கிருந்தாவது எடுத்து அனுப்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது என்று ரிவியூ செய்பவர் கேட்டால் உங்களிடம் உங்கள் சொந்தப் பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், உங்களுக்குக் கற்றுத்தர வந்தவரின் மாலைப் பொழுதை வீணாக்கியிருக்கிறீர்கள். எந்த நிறுவனத்திலிருந்தாவது கசிந்த மூலநிரலை வாசிக்கவே கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. வாசித்தவரின் பங்களிப்பு மொத்தத் திட்டத்தையும் வழக்கில் இழுத்துவிடக்கூடும். இன்டெலும் ஏஎம்டியும் தங்கள் சில்லுகளின் கட்டளைத் தொகுப்பு ஆவணங்களைப் பொதுவில் வெளியிட்டிருக்கின்றன. வாசிக்க அவையே ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன.

முன்தயாரிப்பு எவ்வளவு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: சி மொழியில் சுட்டிகளும் பிட் கணக்குகளும் தடுமாறாமல் வர வேண்டும். ஓப்பன்ஜிஎல்லிலோ வல்கனிலோ ஒரு முக்கோணத்தை ஒரு முறையாவது சொந்தமாக வரைந்திருக்க வேண்டும். வல்கனில் அது ஆயிரம் வரியை நெருங்கும், ஆனால் டிரைவர் எதையெல்லாம் எதிர்கொள்கிறது என்று அந்த ஆயிரம் வரிகளும் சொல்லிக் கொடுக்கும். மற்றவை போகப் போக வரும்.

வெளியாட்கள் தொடங்கிய வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ராட்வி என்ற டிரைவரைச் சொல்லலாம். 2016-இல் வல்கன் புதிதாக வந்தபோது, தன் லினக்ஸ் வல்கன் டிரைவரைத் திறமூலமாக வெளியிடுவதாக ஏஎம்டி சொல்லியிருந்தது, ஆனால் நாள் தள்ளிக்கொண்டே போனது. ரெட் ஹேட்டில் இருந்த டேவ் ஏர்லியும், எந்த நிறுவனத்தின் சார்பிலும் இல்லாத பாஸ் நியூவென்ஹௌசனும் காத்திருக்கவில்லை. ஏஎம்டி சில்லுகளுக்குத் தாங்களே ராட்வி என்ற அந்த வல்கன் டிரைவரை எழுதி அதே ஆண்டில் மெசாவில் சேர்த்தார்கள். ஏஎம்டியின் டிரைவர் 2017 டிசம்பரில்தான் வெளிவந்தது. அதற்குள் பயனர்கள் ராட்வி பக்கம் சாயத் தொடங்கியிருந்தார்கள். வால்வ் நிறுவனம் அதற்கென்று ஏகோ என்ற புதிய கம்பைலரை எழுத ஆட்களை அமர்த்தியது. 2022-இல் வந்த அதன் கையடக்க விளையாட்டுக் கணினியான ஸ்டீம் டெக் அந்த டிரைவரில்தான் ஓடுகிறது. 2025-இல் ஏஎம்டி தன் சொந்தத் திறமூல வல்கன் டிரைவரை நிறுத்திவிட்டு, லினக்ஸில் இனி ராட்விதான் தன் ஆதரவு பெற்ற டிரைவர் என்று அறிவித்தது.

பண உதவியோடு கற்க விரும்பும் மாணவர்களுக்கு, இந்தத் துறையின் திட்டங்களுக்கு ஆதரவளிக்கும் எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. கூகுள் சம்மர் ஆஃப் கோடில் அது பல ஆண்டுகள் பங்கேற்றிருக்கிறது. அதன் காலவரையறைக்குள் அடங்காதவர்களுக்காக, ஆண்டின் எந்த மாதத்திலும் தொடங்கக்கூடிய ‘எண்ட்லெஸ் வெக்கேஷன் ஆஃப் கோட்’ என்ற திட்டத்தை அறக்கட்டளையே நடத்துகிறது. நம் கல்லூரிகளின் தேர்வுக்காலமும் விடுமுறையும் வடக்கு அரைக்கோளத்தின் கோடைக்கு ஒத்துவருவதில்லை என்பதால் இரண்டாவது திட்டத்தைக் கூர்ந்து பார்க்கச் சொல்வேன். விண்ணப்பிக்கும் முன் வழிகாட்டி ஒருவரை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். திட்டக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை அணுகுவதைவிட, ஏற்கெனவே ஏற்கப்பட்ட ஒரு பேட்ச்சோடு அணுகுவது மேல். அது ஒரு வரிப் பேட்ச்சாக இருந்தாலும் போதும். மெசாவைக் கட்டத் தெரியும், ரிவியூவுக்குப் பதில் சொல்லத் தெரியும், சொன்னதை முடிப்பீர்கள் என்ற மூன்றும் அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.